சிவப்புத் தொட்டித் தண்ணீர்

ஜூன் 8, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டு எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, அத்தை மூவரும் சுகம். நான் சுகமாக இல்லை, ஆனால் அது யாருக்கும் தெரியாது. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நர்ஸ் தொப்பி உன் தலையில் நிற்கிறதா என்று எழுது.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு, முழங்காலைத்தான் மேசையாக்கி எழுதுகிறேன். உங்கள் விடுதியில் முதல் வருஷப் பெண்களுக்கு போன் கிடையாது. இங்கேயோ வீடும் அத்தையுடையது, போனும் கீழே அத்தையின் கூடத்தில், அத்தையின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் கடிதம்தான் வழி.

விஷயம் இதுதான். அத்தையின் ரோஜாச் செடிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. கொல்வது நான் என்று நினைக்கிறேன்.

நீ இருந்தவரை அப்பாவின் டைவிங் பள்ளிச் சாமான்களைக் கழுவியது நீ. இப்போது நான். உன் காலத்தில் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், அத்தோடு சரி. கொல்லைக் குழாயடியில் சிவப்புத் தொட்டி நிறையச் சோப்பைக் கலந்து ரப்பர் சட்டைகளை ராத்திரி முழுக்க ஊறப்போடுவாய். போன மாதம் ஊரெல்லாம் இருமல் வந்ததே, அதில் அப்பா பயந்துபோனார். “ஒருத்தர் கடிச்ச ரப்பரை இன்னொருத்தர் கடிக்கிறது. என் பள்ளிக்கூடத்துல நீச்சல் கத்துக்கிட்டதோட இருமலும் கத்துக்கிட்டாங்கன்னா என் பேர் என்னாகும்?” என்று ஒரு பெரிய கேன் கிருமிநாசினி வாங்கிவந்தார். நீல மருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது சனிக்கிழமை சோப்பில் கழுவி அலசியதும், அதே சிவப்புத் தொட்டியில் நீல மருந்தைக் கலந்து, வாயில் கடிக்கிறவை, முகத்தில் மாட்டுகிறவை எல்லாவற்றையும் முக்கி வைத்து எடுத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரும் சாமானுக்கும் அதே தண்ணீர் ஆகும். ஆகவே தொட்டியைப் பலகையால் மூடிவைத்துவிட்டு மறுநாள் மத்தியானம்தான் கொட்டுவேன். கொட்டுவது குழாயடிச் சாக்கடையில். அந்தச் சாக்கடை ரோஜாப் பாத்தியை ஒட்டித்தான் ஓடுகிறது. புரிகிறதா?

இன்று அத்தை ஒரு காய்ந்த கிளையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

“இலை ஓரத்தைப் பாருங்க. தீய்ஞ்சு போயிருக்கு. யாரோ வென்னீர் ஊத்தியிருக்காங்க.”

“வெயிலா இருக்கும்க்கா” என்றார் அப்பா.

“வெயில் உன் மண்டைக்கு ஏறியிருக்கு. என் செடி நிழல்ல இருக்கு.”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்திருந்தால் அத்தை கண்டுபிடித்திருப்பார்.

நான் என்ன செய்ய? பதிலை என் தோழி வீட்டு முகவரிக்கு அனுப்பு. நம் வீட்டுத் தபாலை முதலில் எடுப்பது யார் என்று உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நண்டு

•

ஜூன் 17

அன்புள்ள கொலைகாரிக்கு,

நான் நலம். தொப்பி நிற்கவில்லை, ஆறு ஊசி குத்தி நிறுத்துகிறேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. நீ பயப்படாமல் இரு. பயந்தால் உன் காது சிவக்கும், அத்தை அதைப் படித்துவிடுவார்.

உன் சந்தேகம் சரியாக இருக்கலாம். இந்த வாரம் எனக்குக் கருவி கழுவும் அறையில் வேலை. எங்கள் சிஸ்டர் முதல் நாளே சொன்னது, இந்த மருந்துத் தண்ணீர் ஒரு சொட்டுகூட மண்ணுக்குப் போகக் கூடாது என்று. கிருமியைக் கொல்கிற மருந்துக்கு எது கிருமி, எது ரோஜா என்று யார் எடுத்துச் சொல்வது? மழைத்தண்ணீர்க் கால்வாயிலும் கூடாது. அது நேரே ஏரியில் போய் விழும், அப்பா காட்டிக் காட்டிப் பெருமைப்படுகிற மீன்கள் எல்லாம் மல்லாந்துவிடும். கழிவறைக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும்.

அதனால் இனிமேல் வாளி வாளியாக மொண்டு கீழ்க் குளியலறையில் கொட்டு. கை வலிக்கும். கொலைக்குத் தண்டனை என்று நினைத்துக்கொள்.

கேனில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதை அளந்து ஊற்று. நம் வீட்டில் யாருக்குமே அளந்து ஊற்றுகிற பழக்கம் கிடையாது, இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. ப்ளீச்சிங் பவுடரை அதோடு கலந்து தொலைக்காதே. ரப்பர் கையுறை போடு. வாயில் கடித்து மூச்சு இழுக்கிற ரெகுலேட்டரை முக்குவதற்கு முன்னால் காற்று நுழைகிற வாய்க்கு மூடி போடுகிறாயா? உள்ளே தண்ணீர் போனால் அப்பா அதைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டு ஒரு வாரம் பாட்டுப் பாடுவார், கேட்க முடியாது.

அத்தையிடம் நீயாகப் போய் உளறாதே. சாக்கடைப் பக்கம் தண்ணீர் போகாவிட்டால் செடி தானாகத் துளிர்க்கும். 

அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல். 

உன் அக்கா

•

ஜூன் 28, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் யோசனை கேட்க வேறு ஆள் இல்லை.

நீ சொன்னபடியே செய்தேன். அளந்து ஊற்றினேன். மூடி போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அத்தை மத்தியானம் தூங்கும்போது வாளி வாளியாகக் குளியலறையில் கொட்டினேன். கிழிந்த ரப்பர் சட்டைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, “என்னடி, சாக்கடை என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார். உடற்பயிற்சி என்றேன். அம்மா நம்பவில்லை, ஆனால் பசை காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

இப்போது கேள். ரோஜா மட்டும் இல்லை, தக்காளியும் போய்விட்டது! சாக்கடைக்கும் தக்காளிக்கும் சம்பந்தமே கிடையாது. அது மதில் ஓரத்தில் இருக்கிறது. அவரைக் கொடியிலும் ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. தண்ணீர் மண்ணுக்கு அடியிலேயே நடந்து போகிறதா?

அத்தை இன்று தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். அத்தை படியேறி வருவது எதற்கென்று உனக்குத் தெரியும்.

“இந்த ரப்பர் மூட்டை வீட்டுக்குள்ள வந்ததிலிருந்து எனக்குத் தோட்டம் இல்ல. அந்த நாத்தமே செடிக்கு ஆகாது. ஜூலை கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் ஒண்ணு என் செடி இருக்கணும், இல்ல உன் மூட்டை இருக்கணும்.”

“சரிக்கா. நான் போய் செடியா நிக்கிறேன், என்னை வச்சுக்க” என்றார் அப்பா.

“உனக்குத் தண்ணி ஊத்தவே எனக்கு ஆயுசு போச்சு.”

அப்பா சிரித்தார். நான்கூடச் சிரித்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் மொட்டை மாடியில் ரப்பர் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. வேறு இடம் பிடித்து இந்தச் சாமானையெல்லாம் வைத்துக் கழுவ முடியாது, பள்ளியை மூட வேண்டியதுதான், பழைய கப்பல் கம்பெனியில் இன்னும் கூப்பிடுகிறார்கள் என்றார்.

அக்கா, அப்பா கப்பலுக்கு அடியில் வேலை பார்த்த வருஷங்கள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். ஒரு தடவை பெட்டியோடு வந்து வாசலில் நின்றவரை நான் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார். இப்போது தினமும் சாயங்காலம் வருகிறார். வந்ததும் என் தலையில் ஈரக் கையைத் துடைக்கிறார். எனக்கு இது வேண்டும்.

சீக்கிரம் எழுது.

உன் நண்டு

•

ஜூலை 7

அன்புள்ள நண்டுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பா எங்கும் போகமாட்டார். போக விடமாட்டோம்.

தண்ணீர் மண்ணுக்கு அடியில் நடக்காது. நீ தொட்டியில் சாமானை முக்கி எடுக்கும்போது உதறுகிறாயா? உதறுவாய், எனக்குத் தெரியும், நாய் குளித்த மாதிரிதான் நீ எதையும் உதறுவாய். அந்தத் தெறிப்பாக இருக்கலாம். தொட்டியைக் கொல்லை மூலைக்கு, துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளிவை. கீழே பிளாஸ்டிக் விரி. முக்கியதை ஒரு தட்டில் வைத்து எடுத்துப்போய்க் குளியலறையில் அலசு.

அப்புறம் தொட்டியைக் கவனி. பலகை சரியாக மூடியிருக்கிறதா, தண்ணீர் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார். ஓட்டைத் தொட்டியாக இருந்தால் இத்தனை நாள் நீ சும்மாவே அழுதிருக்கிறாய்.

எனக்கு அடுத்த வாரம் வேறு வார்டு, இரவு வேலை. அதோடு பரீட்சை. பதில் தாமதமானால் பயப்படாதே.

அம்மாவுக்கு ஒரு முத்தம். அத்தைக்குத் தூரத்திலிருந்து ஒரு வணக்கம்.

உன் அக்கா

•

ஜூலை 12, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தடியனும் நலம். தடியன் என்பது பக்கத்து வீட்டு நாய். ஏன் நாயின் நலத்தை எழுதுகிறேன் என்று படித்தால் தெரியும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

தொட்டியைத் தள்ளிவைத்தேன், பிளாஸ்டிக் விரித்தேன். ஒழுகவில்லை. ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன ஞாயிறு காலையில் பலகை கோணலாக இருந்தது, தண்ணீரும் குறைந்திருந்தது. யாரோ குடித்திருக்கிறார்கள்! தடியன்தான் என்று முடிவுகட்டினேன். அவன் மதில் ஓட்டை வழியாக வந்து நம் வீட்டுச் செருப்பைத் தின்கிறவன். நீல மருந்தைக் குடித்துவிட்டுச் செடிகள்மேல் வாந்தி எடுக்கிறானோ, அதனால்தான் செடிகள் கருகுகின்றனவோ என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அவன் நாக்கைப் பார்த்தேன். நீலமாக இல்லை.

இன்று விடிவதற்கு முன்னால் எழுந்து அவனைப் பிடிக்கக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கையில் அப்பாவின் பழைய துடுப்புக் காலணி ஒன்று, அடிக்க இல்லை, மிரட்ட. பலகை நகர்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அத்தை!

ஒரு கையில் குளியல் குவளை, ஒரு கையில் சேலைத் தலைப்பு. சிவப்புத் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஒவ்வொரு செடிக்கும் தலையோடு ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக்கொண்டே அவற்றோடு பேசினார்.

“குடி. குடிச்சாத்தான் தேறுவ. போன வருஷம் இதே தண்ணிதானே உனக்கு ஆச்சு? அந்தப் பச்சைப் பூச்சியெல்லாம் ஓடிப்போச்சே, மறந்துட்டியா? இன்னும் ரெண்டு குவளை வாங்கிக்க.”

அக்கா, உனக்கு இப்போது புரிந்திருக்கும். நீ கழுவிய காலத்தில் அந்தத் தொட்டியில் இருந்தது சோப்புத் தண்ணீர். அத்தை அதை யாருக்கும் தெரியாமல் மொண்டு ரோஜாவுக்கு ஊற்றியிருக்கிறார், பூச்சி போயிருக்கிறது. தம்பியின் சாமான் கழுவிய தண்ணீரால் தோட்டம் பூத்தது என்று வெளியே சொல்ல மனசு வரவில்லை. அப்புறம் தொட்டிக்குள் சரக்கு மாறியது அவருக்குத் தெரியாது. கலந்த பிறகு நீல மருந்துக்கு நிறமே தெரியாது, லேசாக நுரைக்கவும் செய்யும். அத்தைக்குக் கண்ணும் இப்போதெல்லாம் மங்கல். செடி வாட வாட, மருந்து போதவில்லை என்று அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கிறார்!

நான் கதவுக்குப் பின்னால் துடுப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தை குவளையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, பலகையை மூடிவிட்டு, உள்ளே போய், அப்போதுதான் எழுந்தவர்போல இருமினார்.

நான் கொலைகாரி இல்லை. ஆனால் இதை யார் அத்தையிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால், அப்பா ஆயுசுக்கும் அத்தையை விடமாட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுவார். அத்தை அந்த அவமானத்தில் மூட்டையோடு நம்மையும் சேர்த்து அனுப்பிவிடுவார். நான் சொன்னால்? என்னால் முடியாது. அத்தை என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்குக் கணக்கு வாய்ப்பாடு மறந்துபோகிறது. சொல்லாமல் இருந்தால் மாதக் கடைசியில் அப்பா கப்பலுக்குப் போவார்.

உடனே எழுது. உடனே என்றால் உடனே.

உன் நண்டு

•

ஜூலை 17, இரவு

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை. நாளை சனிக்கிழமை, சாமான் வரும். உன் கடிதம் இன்றும் வரவில்லை. தோழி கையை விரித்துக் காட்டினாள்.

இன்று அத்தை செம்பருத்திக்கு முன்னால் நின்று அதன் இலையைத் தடவிக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் இன்னும் முழுசாக இருக்கிறது. “நீயாவது இரு” என்றார். நான் துணி எடுக்கப் போனவள் அப்படியே திரும்பிவிட்டேன். இத்தனை நாள் அத்தையைப் பார்த்தால் எனக்காகப் பயந்தேன். இன்று அத்தைக்காகப் பாவமாக இருந்தது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சரியா தப்பா தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

நண்டு

•

ஜூலை 19, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான் செய்துவிட்டேன்.

நம் இருவரையும் குளிப்பாட்டிய குழந்தைத் தொட்டி பரணில் கிடந்ததே, கைப்பிடி உடைந்தது, வாத்துப் படம் போட்டது, அதை இறக்கினேன். நேற்று நீல மருந்தை அதில் கலந்தேன். கொல்லையில் இல்லை, மாடிக் குளியலறைக்குள்ளே. சாமானை அங்கேயே முக்கி, அங்கேயே அலசி, கதவைச் சாத்திவிட்டேன். கொட்டவும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பக்கத்திலேயே துவாரம். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

அம்மா கேட்டார், “வாத்துத் தொட்டியில யாருடி குளிக்கப் போறா?”

“ரெகுலேட்டர்.”

“அதுக்குப் பவுடர் போட்டு விடு.”

அப்புறம் கொல்லைக்குப் போய்ச் சிவப்புத் தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன், அந்தத் தண்ணீரையும் குளியலறைக்கே சுமந்தேன். வழக்கமான இடத்தில் வைத்து நல்ல தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் சோப்பு கலந்து, லேசாக நுரைக்க விட்டு, பலகையால் மூடினேன். அதில் நான் எதையும் கழுவவில்லை. அது முழுக்க முழுக்க அத்தைக்கு.

விடியற்காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை வந்தார். பலகையை நகர்த்தினார். குவளையால் மொண்டார். மொண்டவர் ஊற்றாமல் அப்படியே நின்றார். குவளையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் செடிகளுக்கு ஊற்றத் தொடங்கினார். இந்தத் தடவை அவற்றோடு பேசவில்லை.

கண்டுபிடித்துவிட்டாரா? தெரியவில்லை. காலை உணவின்போது என்னைப் பார்த்து, “இன்னும் ஒண்ணு வச்சுக்க, எலும்பா இருக்க” என்றார். அது கோபமா அன்பா என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் நண்டு

•

ஜூலை 22

அன்புள்ள நண்டுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஒரு வாரம் இரவெல்லாம் வார்டு, பகலெல்லாம் பரீட்சை. உன் ஜூலை 12 கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். ‘குடிச்சாத்தான் தேறுவ’ என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி தலையணையால் அடித்தாள்.

ஆனால் இது விளையாட்டு இல்லை. நீயாகப் புத்திசாலித்தனம் எதையும் செய்யாதே. தண்ணீரை மாற்றிவைக்கிறேன், ஒளித்துவைக்கிறேன் என்று ஏதாவது ஆரம்பித்தால் அத்தை மோப்பம் பிடித்துவிடுவார், அவர் கண்தான் மங்கல், மூக்கு இல்லை. பேசாமல் அப்பாவிடம் சொல். அப்பா நடித்துக் காட்டினால் காட்டட்டும். நடிப்பது கப்பலுக்குப் போவதைவிட மேல்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

பின்குறிப்பு: மடித்து உறையில் போடும்போது உன் 17ஆம் தேதிக் கடிதம் வந்தது. என்ன தோன்றியது? எதுவானாலும் செய்யாதே!

•

ஆகஸ்ட் 2, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். ‘செய்யாதே’ என்ற உன் கடிதம், நான் செய்து முடித்த பிறகு வந்து சேர்ந்தது. சட்டம் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்.

ரோஜாவின் அடியிலிருந்து சிவப்பாக ஒரு துளிர் வந்திருக்கிறது. பிறகு இன்னொன்று. அவரைக் கொடி மதிலைத் தாண்டித் தடியன் வீட்டுக்கே போய்விட்டது. போன தக்காளி போனதுதான், அத்தை அதே இடத்தில் புது நாற்று வைத்திருக்கிறார்.

முந்தாநாள்தான் மாதக் கடைசி. எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அப்பா சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருந்தார், கப்பல் கம்பெனி எண் என்று எனக்குத் தெரியும். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தும்விட்டேன். சத்தியமாக, பயத்தோடுதான், ஆனால் திறந்தேன்.

“அத்தை...”

“வாயில சோத்த வச்சுக்கிட்டு என்ன பேச்சு?” என்றார் அத்தை. அப்புறம் அப்பாவைப் பார்த்து, “ஏண்டா, முகத்தை ஏன் தொங்கப்போட்டிருக்க? யாராவது உன்னை அடிச்சாங்களா?”

“இல்லக்கா. மாசக் கடைசி...”

“ஆமா, மாசக் கடைசி. அதுக்கு? என் செடிக்கு வந்தது பூச்சி. நான் வைத்தியம் பண்ணிட்டேன். உன் மூட்டைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“என்ன வைத்தியம்க்கா?”

“அது உனக்கெதுக்கு? உனக்குத் தண்ணிக்குள்ள முங்கத் தெரியும், அதோட நிறுத்திக்க.”

அம்மாவுக்குப் புரையேறியது. அப்பா அம்மாவின் முதுகைத் தட்டினார், தட்டிக்கொண்டே சிரித்தார். எதற்கென்று தெரியாமலே நால்வரும் சிரித்தோம். இல்லை, இருவர் தெரியாமல் சிரித்தார்கள். நான் தெரிந்து சிரித்தேன். நான்காவது ஆளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அப்பா அந்தச் சீட்டில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் குப்பையில் போட்டார்.

அத்தை அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்கு உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், உனக்குத் தெரிந்திருக்கும். அம்மாவும் கூட வருகிறார். தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்று அத்தை இன்னும் சொல்லவில்லை. அவர் வேறு யாரையும் ஒரு இலையைக்கூடத் தொட விட்டதில்லை. அவரைத் திட்டாமல் பார்த்துக்கொள், அவர் உன்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்.

உன் நண்டு

•

ஆகஸ்ட் 15

செல்லமே,

அத்தை எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டைப் பிரித்துவிட்டார்கள். உன் அக்கா எழுதித்தரவா என்றாள். என் கடிதத்தை நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் அக்கா இளைத்திருக்கிறாள், உன் அம்மாவுக்கு நரை வந்திருக்கிறது, இதெல்லாம் எனக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. உனக்கும் உங்கப்பனுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? அவன் ஈரத் தலையோடு தூங்குகிறானா?

நான் திரும்பும்வரை தோட்டம் உன் பொறுப்பு. உங்கப்பனைச் செடிப் பக்கம் விடாதே, அவனுக்கு நீரடியில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ரோஜாத் துளிரைக் கையால் தொடாதே. தக்காளி நாற்றுக்கு வேரில் ஊற்று, தலையில் ஊற்றாதே. அதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். செம்பருத்தியிடம் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தையாவது பேசு, அது எதிர்பார்க்கும்.

ஞாயிறு விடியற்காலையில் சிவப்புத் தொட்டியில் எனக்காக நீ வைக்கிற தண்ணீரை இப்போது நீயே மொண்டு ஊற்று. சோப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறாய். முதல் நாளே கையில் பிசுபிசுத்தது. பாதியாக்கு. அதற்கு முந்தைய தண்ணீரைப் பற்றி நீயும் பேச வேண்டாம், நானும் பேசவில்லை.

புதன்கிழமை குழாய்க்காரர் வருவார். மொட்டை மாடியில் ஒரு பெரிய கழுவுதொட்டி கட்டி, அதன் தண்ணீர் நேரே கழிவுக் குழாயில் இறங்குகிற மாதிரி போடச் சொல்லியிருக்கிறேன். அந்த வாத்துத் தொட்டிக்குள் குனிந்து குனிந்து உன் முதுகு என்னாவது? உங்கப்பன் ஏன் எதற்கு என்று கேட்டால், வீடு என்னுடையது என்று சொல்.

இங்கே படுத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைத்தது. அவன் முதல் தடவை கப்பல் வேலைக்குப் போனபோது என்னால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. இந்நேரம் தண்ணீருக்குள் போயிருப்பான், இந்நேரம் மேலே வந்திருப்பானா என்று கை பரபரக்கும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். ஒரு பாத்தி வெட்டினேன், இன்னொன்று வெட்டினேன். அவன் வராத வருஷங்களில் மதில்வரை போய்விட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம், எவ்வளவு பெரிய தோட்டம், எவ்வளவு ஆசை உங்களுக்கு என்பார்கள்.

இப்போது அவன் சாயங்காலம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறான். வந்ததும் காபிக்குக் கத்துகிறான். அதனால் சொல்கிறேன், நீ எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்ற முடியாமல் பாதித் தோட்டம் வாடிப்போனாலும் நான் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். இதை அவனிடம் சொல்லிவிடாதே, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

நன்றாகச் சாப்பிடு.

உன் அத்தை